புற்றுநோயாளியைத் தொற்றிலிருந்து காப்போம்





நமது ஊரில் ஒருவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பினால், அன்று மாலையே அவரது வீட்டு முற்றம் நிறைந்துவிடுகின்றது. நாச்சிக்குடாவிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் உறவினர் வருகின்றனர். 1990ஆம் ஆண்டின் வெளியேற்றத்திற்குப் பின்னர் புத்தளத்திலேயே வாழ்ந்து வரும் சொந்தங்களும் பஸ் ஏறி வருகின்றன. கைகொடுத்து ஸலாம் கூறுகின்றனர். கட்டிலின் ஓரத்தில் அமர்கின்றனர். சிறு பிள்ளையை நோயாளியின் மடியில் இருத்துகின்றனர். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும், முறையறியாது காட்டப்படும் அன்பு நோயாளியின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். அது எவ்வாறு என்பதையும், அதனைத் தவிர்க்கும் வழி யாது என்பதையும் இங்கு நோக்குவோம்.

சிகிச்சைக்குப் பின்னர் உடலில் நிகழ்வது என்ன?

கீமோதெரபி எனப்படும் இரசாயனச் சிகிச்சை, வேகமாகப் பெருகும் கலங்களை அழிக்கின்றது. புற்றுநோய்க் கலங்கள் வேகமாகப் பெருகுபவை. ஆதலால் அவை அழிகின்றன. ஆனால் நமது எலும்பு மச்சையில் நாள்தோறும் உருவாகும் வெண்குருதிக் கலங்களும் அவ்வாறே வேகமாகப் பெருகுபவை. மருந்து இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதில்லை. நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் இக்காவற்படை, பெரும்பாலான மருந்துகளில், மருந்தேற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரையிலான காலத்தில் மிகவும் குறைந்துவிடுகின்றது. அதன் பின்னரே படிப்படியாக மீள்கின்றது.

நமக்கு இரண்டு நாள் தடிமனைத் தந்து நீங்கும் கிருமி, இந்நாட்களில் அந்நோயாளியின் நுரையீரலையோ இரத்தத்தையோ சில மணித்தியாலங்களில் தாக்கிவிடலாம். புற்றுநோயை வெல்லும் நிலையிலிருந்த பலர் தொற்றினால் உயிரிழந்திருக்கின்றனர் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த கவலையாகும்.

வீடே வைத்தியசாலை, வீட்டாரே தாதியர்

ஒரு காலத்தில் வன்னியிலுள்ள புற்றுநோயாளர் பலர் சிகிச்சைக்காக முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள மஹரகமைக்கே செல்ல வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டில் வடக்கில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டும் நோக்கில், நாட்டின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடைபவனி நடந்தது. பல இனத்தவரும் பல மதத்தவரும் அதில் நடந்தனர். அதன் பயனாகத் தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. இன்று வடக்கின் நோயாளர் பலருக்கு அது நிழல் தரும் மரமாக விளங்குகின்றது.

எனினும் கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழையும் எழுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரமே. மருந்தேற்றிய அன்றோ சில நாட்களிலோ நோயாளி வீடு திரும்புகின்றார். ஆபத்து மிகுந்த அந்த 7ஆம் நாளும் 10ஆம் நாளும் வருகையில் அவர் வைத்தியசாலைக் கட்டிலில் இல்லை. உங்கள் வீட்டுக் கட்டிலில் இருக்கின்றார். அப்போது அவருக்குத் தாதியர் யார்? மனைவியும் மகளும் மகனும் மருமகளுமே. ஆகவே தாதியர் கற்றிருக்கும் சில ஒழுங்குகளை நாமும் கற்றுக்கொள்வது அவசியமாகின்றது.

தாதிமைப் பணி நமக்குப் புதியதன்று. மதீனாப் பள்ளிவாசலருகே கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பராமரித்த ருபைதா (ரழி) அவர்களை நமது வரலாறு நினைவுகூர்கின்றது. நம் பிள்ளைகள் சிலரேனும் தாதியர் பயிற்சிக் கல்லூரிகளுக்குச் செல்ல விரும்பினால், பெற்றோரே, அதனை மகிழ்வோடு வரவேற்பீர்களாக.

முதலாவது ஒழுங்கு: கைகள்

1847ஆம் ஆண்டில் வியன்னா நகரின் பெரிய வைத்தியசாலையொன்றில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ விடுதிக்குள் நுழையும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வேண்டுமென விதித்தார். அதற்கு முன்னர் அவ்விடுதியில் தாய்மாரில் நூற்றுக்குப் பத்துப் பேரளவில் பிரசவக் காய்ச்சலால் மரணித்து வந்தனர். அடுத்த ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு இரண்டுக்கும் கீழாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் அங்கு வரவில்லை. கைகள் மட்டுமே தூய்மையாயின.

நாம் நாளொன்றுக்கு ஐந்து வேளை வுழூச் செய்கின்றோமே, அது போதாதா என்று சிலர் எண்ணலாம். வுழூ நமக்குத் தூய்மையைப் பழக்கியிருக்கின்றது. ஆயினும் நோயாளியைத் தொடுமுன் நீர் மட்டும் போதாது, சவர்க்காரமும் வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, பெருவிரல், நகக்கண் ஆகிய அனைத்தையும் குறைந்தது இருபது விநாடிகளேனும் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். நோயாளியைத் தொடுமுன், உணவு ஆக்குமுன், மருந்து கொடுக்குமுன், மலசலகூடம் சென்று வந்தபின், இருமித் தும்மியபின், கோழி, பூனை, ஆடுகளைத் தொட்டபின் இதனைச் செய்தல் கட்டாயமாகும். நோயாளியும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

இரண்டாவது ஒழுங்கு: நலம் விசாரித்தல்

தடிமல், இருமல், காய்ச்சல், வயிற்றோட்டம், கண்ணோய், கொப்புளிப்பான் ஆகியவற்றுள் ஏதேனும் உள்ளவர் நோயாளியின் அறைக்குள் செல்லவே கூடாது. ஏனையோரும் ஓரிருவராக, சற்று நேரம் மட்டும், கட்டிலில் அமராது, முஸாபஹாச் செய்யாது, முகக்கவசமணிந்து பார்த்து வரலாம். ஓதி ஊதிக் கொடுக்கும் தண்ணீரிலும் ஊதுபவரின் வாயிலுள்ள கிருமிகள் சேர்கின்றன. துஆச் செய்வதற்கு அருகில் இருக்க வேண்டுமென்பதில்லை. தூரத்திலிருந்தும் துஆச் செய்யலாம்.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் கேட்டிருக்கின்றோம். பிறருக்குத் தீங்கு நேராதிருக்க விலகி நிற்பதும் நமது மார்க்கம் கற்பித்த பண்பே. ஆகவே வாசலில் நின்று ஸலாம் கூறித் திரும்பும் உறவினரைக் குறைகூறாதீர்கள். "இன்று வரவேண்டாம்" எனச் சொல்லும் வீட்டாரையும் பெருமைக்காரர் எனப் பேசாதீர்கள். பார்க்க விரும்புவோர் தொலைபேசியில் விசாரிக்கலாம்; சமைத்த உணவை அனுப்பலாம்; கிளினிக் செல்லும் நாளில் வாகனச் செலவில் பங்கெடுக்கலாம்.

மூன்றாவது ஒழுங்கு: உணவும் நீரும்

நாம் சஹனில் ஒன்றாக அமர்ந்து உண்பவர்கள். அந்த ஒற்றுமை அழகியது. ஆனால் சிகிச்சைக் காலத்தில் நோயாளிக்குத் தனிக் கோப்பையே உகந்தது. காரணத்தைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள்: அவரது நோய் நம்மைத் தொற்றும் என்பதற்காக அன்று. புற்றுநோய் தொடுவதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ, ஒரே அறையில் உறங்குவதாலோ பரவாது. நமது கைகளிலுள்ள கிருமிகள் அவரை அடையக்கூடாது என்பதற்காகவே தனிக் கோப்பை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். இல்லையேல், தன்னை ஒதுக்கிவிட்டனர் என்ற வேதனை நோயாளியின் உள்ளத்தை அரித்துவிடும்.

கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆறிய பின்னரே குடிக்கக் கொடுங்கள். இறைச்சி, மீன், முட்டை ஆகியன நன்கு வெந்திருக்க வேண்டும். பச்சைச் சம்பலையும், கடைத்தெருவில் வெட்டி வைத்த பழங்களையும், நேற்றைய கறியையும் தவிர்த்து, தோலுரித்து உண்ணும் பழங்களைக் கழுவிக் கொடுங்கள். மாரிகாலச் சேற்றிலும் வயலிலும் தோட்டத்திலும் அவர் வெறுங்காலுடன் இறங்காதிருப்பது நன்று. நோன்பு நோற்பது பற்றி மருத்துவரிடம் கேட்டறிந்து நடக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியிருக்கையில் அவர் தன்னை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

நான்காவது ஒழுங்கு: வாயும் கழிவும்

மருந்தினால் வாய் புண்ணாவது வழமை. அப்புண் வழியே கிருமிகள் இரத்தத்தினுள் நுழையலாம். மென்மையான தூரிகையால் பல் துலக்கி, உப்பிட்ட வெதுவெதுப்பான நீரால் நாளொன்றுக்குப் பலமுறை கொப்பளிக்கச் செய்யுங்கள். மருந்தேற்றிய பின் இரண்டு நாட்களுக்கு நோயாளியின் சிறுநீர், மலம், வாந்தி ஆகியவற்றில் மருந்தின் எச்சம் கலந்திருக்கும். அவற்றைத் துப்புரவாக்குவோர் கையுறை அணிவதோடு, அழுக்கான உடைகளை வேறாகத் துவைக்கவும் வேண்டும். கர்ப்பிணித் தாய்மார் இவ்வேலையைச் செய்யலாகாது.

ஐந்தாவது ஒழுங்கு: காய்ச்சல் கண்டால் தாமதியாதீர்

இதனை வாசித்து மறந்துவிடாது, சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். நோயாளியின் உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸை, அதாவது 100.4 பாகை பரனைற்றை எட்டினாலோ, குளிர் நடுக்கம் கண்டாலோ, அது அவசர நிலையாகும். "பனடோல் கொடுத்துக் காலைவரை பார்ப்போம்" என்ற சொல்லே பல உயிர்களைப் பறித்த சொல். மாத்திரை காய்ச்சலைத் தணித்துக் காட்டும். உள்ளே பரவும் தொற்றைத் தணிக்காது. இரவாயினும், பெருநாளாயினும் உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தெல்லிப்பழைக்கே போக வேண்டுமெனக் காத்திராதீர்கள். கிளிநொச்சி மாவட்ட பொது வைத்தியசாலையிலேயே முதற் சிகிச்சையைத் தொடங்கலாம். வைத்தியசாலையை அடைந்து ஒரு மணித்தியாலத்திற்குள் நுண்ணுயிர்கொல்லி மருந்து ஏற்றப்படுவதே சிறந்தது. எனவே வாசலிலேயே, "இவர் கீமோதெரபி பெறுபவர், இன்ன திகதியில் மருந்தேற்றியவர்" எனக் கூறிக் கிளினிக் புத்தகத்தைக் காட்டுங்கள். வாகன வசதியில்லையெனில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் காவு வண்டி வரும்.

இளைஞர்களே, இங்கு உங்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. வெப்பமானி ஒன்றை வாங்கி வையுங்கள். மருந்தேற்றிய நாளை நாட்காட்டியில் குறித்து, 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை சிவப்பு மையால் கோடிடுங்கள். காலையும் மாலையும் வெப்பத்தை அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ செய்யும் பணிவிடையில் இதனினும் எளியதும் பயனுடையதும் வேறில்லை.

வருமுன் காத்தல்

புற்றுநோயாளியைத் தொற்று தாக்குவது போன்று, தொற்றே புற்றுநோயை உண்டாக்குவதும் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரசே எனக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கெதிரான தடுப்பூசியை 2017 முதல் நமது நாட்டில் ஆறாம் தர மாணவியருக்குப் பாடசாலைகளில் இலவசமாக வழங்கி வருகின்றனர். பெற்றோரே, சம்மதப் படிவம் வீட்டுக்கு வரும்போது வீண் வதந்திகளுக்குச் செவிசாய்க்காது கையொப்பமிடுங்கள். நமது நாட்டு ஆண்களிடையே பெரிதும் காணப்படும் வாய்ப் புற்றுநோய்க்கோ வெற்றிலையும் பாக்கும் புகையிலையுமே முதன்மைக் காரணங்கள். புகையிலையின்றிப் பாக்கு மட்டும் மெல்லுவதும் தீங்கானதே. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

அன்பானவர்களே! அடுத்த முறை நம்மிடையே ஒருவர் மருந்தேற்றி வீடு திரும்பும்போது, வாசலில் சவர்க்காரமும் நீரும் இருக்கட்டும். சுவரில் நாட்காட்டியும், தலைமாட்டில் வெப்பமானியும் இருக்கட்டும். நமது அன்பு வாசலோடு நிற்கட்டும், நமது துஆ உள்ளே செல்லட்டும். வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் வழங்குவானாக. ஆமீன்.