நாலு நாள் தாங்கினால் நஷ்டம் குறையும்

2020 ஏப்ரல் 25-ம் தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். மறுநாள் முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும், காய்கறிக் கடைகளில் மக்கள் முண்டியடித்தார்கள். கடை விலை ஏறியது. ஆனால் அந்த ஏற்றம் உங்கள் வயலுக்கு வந்து சேரவில்லை. நான்கு நாள் காயை ஒரே நாளில் வாங்கியவர்கள் அடுத்த நாள் வாங்க வரமாட்டார்கள். செடியில் காய்த்தது காத்திருக்காது. மே 5-ல் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டது.

இப்படி ஒரு நெருக்கடியைத் தாங்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நிலம் முழுவதும் தக்காளி, வெண்டை என்று போடாமல், ஒரு பகுதியில் சேனை, பரங்கி, சின்ன வெங்காயம் போடுங்கள். பரங்கியைக் காம்போடு அறுங்கள். வெங்காயத்தைத் தாள் நன்கு காய்ந்தபின் காற்றோட்டமான பட்டறையில் வையுங்கள்.

இரண்டாவது, ஒரே நாளில் நடாமல் பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் பிரித்து நடுங்கள். அறுவடையும் பிரிந்து வரும்.

மூன்றாவது, மின்சாரம் தேவைப்படாத குளிர்பதனத் தொட்டி. நிழலில் செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, மூன்று அங்குல இடைவெளியில் ஆற்று மணல் நிரப்புங்கள். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, மேலே ஈரச் சாக்கால் மூடுங்கள். கோடையில் தக்காளி, கத்தரி, கீரை கூடுதலாகச் சில நாட்கள் வாடாமல் இருக்கும். வெங்காயத்தை மட்டும் இதில் வைக்காதீர்கள், ஈரத்தில் அழுகிவிடும்.

விரிவாக்கப் பணியாளர்கள் ஊருக்கு ஒரு தொட்டியாவது கட்டிக் காட்டினால், பார்த்தவர்கள் தாங்களே கட்டிக்கொள்வார்கள்.