முன் நின்ற பூச்சியம்

ஓசூரின் தொலைபேசிக் குறியீடு 04344, கிருஷ்ணகிரிக்கு 04343, எல்லை தாண்டினால் பெங்களூருக்கு 080. முன்னால் நிற்கும் பூச்சியம் நம் பகுதியினருக்குக் கைப்பழக்கம். கணிப்பொறியின் முன் அமர்ந்தபோது அந்தப் பழக்கமே என்னை ஏமாற்றியது.

கோடை விடுமுறையில் ஓசூர்ப் பக்கம் ஓர் இயந்திரப் பட்டறைக்குப் பயிற்சிக்குச் சென்றிருந்தேன். அங்கு வரைபடங்கள் யாவும் ஒரு பொதுக் கணிப்பொறியில் இருந்தன. மற்றவை லினக்ஸின் 'மவுண்ட்' கட்டளையால் அதன் கோப்புறையைத் தம்முடையதுபோல் இணைத்துக்கொள்ளும். அதன் முகவரி 192.168.1.10. எண்கள் எல்லாம் மூன்றிலக்கமாக வரிசையில் நிற்கட்டுமே என்று 192.168.1.010 என எழுதினேன். உடனே இணைப்புக் கிடைத்தது. மாலையில்தான் தெரிந்தது, திறந்தவை வேறொரு கணிப்பொறியிலிருந்த பழைய வரைபடங்கள் என்று. அதற்குள் பன்னிரண்டு புஷ்கள் பழைய அளவில் லேத்தில் கடையப்பட்டிருந்தன. பட்டறைக்காரர் திட்டவில்லை, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நடந்தது இதுதான். முகவரி கணிப்பொறிக்கு முதலில் வெறும் எழுத்துச் சரமே. கருவி அதைப் புள்ளிதோறும் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எண்ணாக்குகிறது. 'சி' மொழியில் பூச்சியத்தில் தொடங்கும் எண், எட்டை அடியாகக் கொண்டது என்பது வழக்கு. 1983-இல் வந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 இந்த வழக்கை முகவரிக்கும் கொண்டுவந்தது. லினக்ஸ் அதைத் தொடர்ந்தது. ஆகவே 010 என்பது ஓர் எட்டும் பூச்சியமும், அதாவது 8. நான் கேட்டது பத்தாம் வீடு, போனது எட்டாம் வீடு! 009 என்று எழுதியிருந்தால் தப்பியிருப்பேன். எட்டடி எண்ணில் 9 என்ற இலக்கமே இல்லாததால், கருவி அதை எண்ணாக ஏற்காது.

எங்கே வெட்டுவது என்பதிலும் சிக்கல் உண்டு. என்.எஃப்.எஸ். முறையில் கணிப்பொறியின் முகவரிக்கும் கோப்புறைக்கும் நடுவே ஒரு முக்காற்புள்ளி இடுவர். 128 பிட் கொண்ட புதிய ஐ.பி. ஆறாம் பதிப்பு முகவரிக்குள்ளேயே முக்காற்புள்ளிகள் வருகின்றன. எனவே அம்முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால்தான் கருவிக்கு அதன் முடிவு தெரியும்.

பைத்தான் மொழியின் முகவரி நூலகம் 2021 முதல் முன் நிற்கும் பூச்சியத்தை ஏற்க மறுக்கிறது. மறுப்பதே நல்லது என்பேன். தவறென்று சொல்லியிருந்தால் நான் ஒரு நிமிடத்தில் திருத்தியிருப்பேன், புஷ்களும் பிழைத்திருக்கும். மறுநாள் காலை முதல் வேலையாக அந்த ஒற்றைப் பூச்சியத்தை அழித்தேன். அழித்தபின் கோப்புறையைத் திறந்து, வரைபடத்தின் மூலையிலிருந்த தேதியையும் பார்த்தேன்.