உங்களுக்குத் தெரியுமா? மேலுக்கு முடியலைன்னா கூலி போச்சு!

● மதுரை மாவட்டத்து எழுமலைப் பக்கம் "மேலுக்கு முடியல" என்றால் உடம்பு சரியில்லை என்று பொருள். மேல் என்றால் உடம்பு. மேல்வலி, மேலுக்குக் குளிப்பது எல்லாம் இதே கணக்கில்தான். இப்படிச் சொன்னவர் மறுநாள் காலை மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார் என்பது வேறு கதை.

● 2022-ல் பிரிட்டனில் நோயால் வீணான வேலை நாள்கள் ஏறத்தாழ 18.56 கோடி. 2004-க்குப் பிறகு அந்த ஆண்டுதான் நோய் விடுப்பின் விகிதம் அவ்வளவு ஏறியது. முதல் காரணம் சளி, இருமல் மாதிரி சில்லறை நோய்கள்! அங்கே லீவு என்று ஒன்று இருப்பதால் எண்ண முடிகிறது. எழுமலையில் களையெடுப்புக்கு வராத அக்காவின் நாள் எந்த நோட்டில் ஏறும்?

● தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்தது. திட்டம் 1952 பிப்ரவரி 24-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. சந்தா கட்டியவர் நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பொதுவாக 10 பேராவது வேலை செய்யும் இடமாக இருக்கவேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. நாற்று நடுகிறவருக்கும் நாள்கூலிக்கு மாடு மேய்க்கிறவருக்கும் இதில் இடமில்லை.

● திங்கட்கிழமை மட்டும் நெஞ்சை அடைக்கும் நோய் ஒன்று உண்டு. வேலைக்கு மட்டம் போடும் சாக்கு இல்லை, நிஜமான நோய்தான். பஞ்சாலைத் தூசால் வருவது, பெயர் பிஸ்ஸினோசிஸ். ஞாயிறு ஓய்வில் மூச்சு சீராகும், திங்களன்று தூசுக்குள் நுழைந்ததும் இறுகும், வாரம் போகப்போகத் தணியும். முற்றிவிட்டால் எல்லாக் கிழமையும் ஒன்றுதான். ஹார்வி மில் காலத்திலிருந்தே பஞ்சாலை ஊரான மதுரைக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது.

● தமிழ்நாட்டில் 125 கிராமங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வில், நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்ற வழக்கமான காரணங்களே இல்லை. சந்தேகம் வெயில் மேல். வியர்த்து நீர் வற்ற வற்ற, சிறுநீரகம்தான் அடி வாங்குகிறது. தண்ணீர் குடிக்கலாமே என்பீர்கள். ஒதுங்க மறைவில்லாத காட்டில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொண்டுதான் குனிந்து நிற்கிறார்கள்.

● 2017-ல் தொடங்கிய இன்னொரு தமிழ்நாட்டு ஆய்வு, 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று கடும் வெக்கையில் வேலை பார்த்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து இரு மடங்கு. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது 2024 அக்டோபரில்தான்.

● சர்க்கரை மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி காலி. அதனால் மாத்திரையை விட்டவர்கள் எத்தனையோ பேர். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே இந்தக் கூலிக் கணக்குதான்.

● "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று நோயாளியைக் கேட்கச் சொன்ன மருத்துவர், இத்தாலியின் ரமாஸினி. தொழில்நோய்கள் பற்றிய அவரது நூல் வந்தது 1700-ல்.

● ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்து, காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொள்ளும் பெண்கள் நிறைய. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. அடுத்த தடவை உசிலம்பட்டியில் சேலை எடுக்கப் போனால், ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் மேல் துணிக்கட்டு அடுக்கியிருக்கிறதா என்பதையும்!