முழங்காலில் ‘கீஹோல்’ ஆபரேஷன்... யாருக்குத் தேவை?

‘‘டாக்டர், முட்டியில ரெண்டு ஓட்டை போட்டு கீஹோல் பண்ணிட்டா வலி போயிடுமாமே!’’

சித்த மருத்துவம் தேடி என்னிடம் வருகிறவர்களில் பலர், ஸ்கேன் கவரை மேஜையில் வைத்துவிட்டு இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்பது கபடி ஆடும் பிள்ளை என்றால் ஒரு பதில். மாடிப்படி ஏற முடியாத அம்மா என்றால் வேறு பதில்.

எப்படிச் செய்கிறார்கள்?

இதன் பெயர் ஆர்த்ராஸ்கோப்பி. முழங்காலில் அரை சென்டிமீட்டர் அளவில் இரண்டு, மூன்று துளைகள். ஒன்றில் கேமராவும் விளக்கும் பொருத்திய, பென்சிலைவிட மெல்லிய குழாய். மூட்டுக்குள் சலைனை நிரப்பினால், உள்ளே இருப்பது டி.வி. திரையில் பளிச்சென்று தெரியும். அடுத்த துளை வழியாகக் கருவியை விட்டு வேலையை முடிப்பார்கள்.

இதற்கு வழிகாட்டியது ஜப்பான். 1918-ல் டோக்கியோவில் டாக்டர் கென்ஜி டகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை, இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அவருடைய மாணவர் மசாகி வாடனபே, 1962-ல் கிழிந்த ஜவ்வின் ஒரு பகுதியை இந்த முறையில் அகற்றிக் காட்டினார்.

யாருக்குப் பலன்?

விளையாட்டிலோ, டூவீலர் விபத்திலோ தசைநார் அறுந்து, நடக்கும்போது முட்டி ‘நழுவுகிறது’ என்பவர்களுக்கு; ஜவ்வு கிழிந்து இடையில் சிக்கி, காலை நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டவர்களுக்கு; மூட்டுக்குள் சீழ் பிடித்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் சொல்கிறேன், முழுசாக அறுந்த தசைநாரை எந்தத் தைலமும் ஒட்ட வைக்காது.

முட்டி சிவந்து, வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் எண்ணெய், ஒத்தடம் என்று நாளைக் கடத்தாதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாருக்கு வேண்டாம்?

வயதானால் வரும் மூட்டுத் தேய்மானத்தை ‘அழல் கீல் வாயு’ என்கிறோம். இதற்குத் துளை போட்டு மூட்டைக் கழுவிச் சுரண்டினால் சரியாகுமா? அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். சிலருக்கு நிஜ சிகிச்சை. சிலருக்குத் தோலில் கீறல் மட்டும். இரண்டு வருடம் கவனித்தும் வலியில் வித்தியாசமே இல்லை! முடிவு 2002-ல் வெளியானது. 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான நிபுணர் குழுவின் பரிந்துரையும், ‘தேய்மானம் உள்ள கிட்டத்தட்ட யாருக்கும் இது வேண்டாம்’ என்றே அழுத்திச் சொன்னது.

‘‘ஸ்கேன்ல ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்கே!’’ என்பீர்கள். நடுவயதைத் தாண்டினால் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் கிழிசல் தெரியும். அதற்காக நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலை மாலை இருவேளை. தொடைத் தசை வலுவானால் மூட்டின் பாரம் குறையும். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. வெதுவெதுப்பான தைலம் தடவினால் இதமாக இருக்கும். ஆனால், தேய்ந்த எலும்பு அதனால் வளராது. தேய்மானம் மிகவும் முற்றி நடக்கவே முடியாதவர்களுக்கு மூட்டு மாற்று சிகிச்சை இருக்கிறது. அது வேறு ஆபரேஷன்.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: ‘‘இது அடிபட்ட கிழிசலா, தேய்மானமா? மூன்று மாதம் உடற்பயிற்சி செய்து பார்க்கலாமா?’’ நல்ல டாக்டர் நிச்சயம் பொறுமையாகப் பதில் சொல்வார்.