லிங்க் அப், ஆனா உறவு இல்லை: ஐஎஸ்-ஐஎஸ் ஏரியாவும் லெவலும்

இந்த வார எபிசோடில் ஐஎஸ்-ஐஎஸ் பகுதியைக் கொஞ்சம் வேகமா ஓட்டிட்டோம். இங்கே நிதானமா பார்ப்போம். பெரிய இன்டர்நெட் நிறுவனங்களோட நெட்வொர்க் பக்கம் போறவங்க இதை ஒருநாள் கண்டிப்பா சந்திப்பீங்க.

கேபிள் போட்டதும் ரெண்டு ரவுட்டர் பாதைகளைப் பகிர்ந்துக்காது. முதல்ல ஹலோ பாக்கெட் அனுப்பி ஒண்ணை ஒண்ணு ஏத்துக்கணும். அந்த உறவுதான் அட்ஜசென்சி.

ஏரியா எண் ரவுட்டரோட முகவரியிலேயே இருக்கு. 49.0001.0000.0000.0001.00 என்றால், 49.0001 ஏரியா. அடுத்த 6 பைட் சிஸ்டம் ஐடி, அந்த ரவுட்டரின் தனி அடையாளம்.

லெவல் 1 நம்ம கல்யாண வீட்டுப் பெரியவங்க மாதிரி. பார்த்ததும் "நீங்க எந்த ஊர்?" என்று கேட்கும். ஒரே ஊர் இல்லேன்னா பேச்சே கிடையாது. லெவல் 2 ஊர் பார்க்காது. எதிர்ல இருப்பதும் லெவல் 2 பேசினா போதும்.

இதிலிருந்து எல்லாம் வந்துவிடும்:

• ரெண்டும் லெவல் 1-2, ஒரே ஏரியா: ரெண்டு உறவும் வரும்.
• ரெண்டும் லெவல் 1-2, வேற ஏரியா: லெவல் 2 மட்டும்.
• ஒண்ணு லெவல் 1 மட்டும், இன்னொண்ணு லெவல் 1-2: ஏரியா ஒண்ணா இருந்தா லெவல் 1. இல்லேன்னா எதுவும் இல்லை.
• ஒண்ணு லெவல் 1 மட்டும், இன்னொண்ணு லெவல் 2 மட்டும்: ஒரே ஏரியாவா இருந்தாலும் உறவு வராது.

இரண்டாவது வரிதான் ஆபத்தானது. நான் கான்ட்ராக்டில் இருந்த ஓர் இடத்தில் லெவல் 1 மட்டும் பேசும் ஒரு ரவுட்டருக்கு மேலே ரெண்டு பெரிய ரவுட்டர் இருந்தது. ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தாங்கும் என்பது திட்டம். இரண்டாவதை மாத்தினப்போ ஏரியா 49.0002 என்று பதிவாகிவிட்டது. பெரிய ரவுட்டர் ரெண்டுக்கும் நடுவே லெவல் 2 உறவு வந்தது, திரையில் "அப்" என்று காட்டியது, எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. கீழே இருந்த ரவுட்டரோ ஒற்றைக்காலில் நின்றது. சில வாரம் கழித்து முதல் ரவுட்டரை ரீபூட் செய்ததும், அதற்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும் இணைப்பு போச்சு.

ஓஎஸ்பிஎஃப்பில் இப்படி ஒளிந்திருக்காது. அங்கே ஏரியா இன்டர்ஃபேஸுக்குச் சொந்தம். லிங்கின் ரெண்டு முனையிலும் பொருந்தலேன்னா உறவே வராது. ஏரியாக்களின் எல்லை ரவுட்டருக்குள்ளே ஓடும். ஐஎஸ்-ஐஎஸ்ஸில் பொதுவா முழு ரவுட்டரும் ஒரே ஏரியா, அதனால் எல்லை கேபிளில் விழும். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் நீங்க எதுவும் சொல்லலேன்னா ரவுட்டர் லெவல் 1-2 ஆகத்தான் இருக்கும். அதனால்தான் தப்பான ஏரியாகூடப் பாதி வேலை செய்து நம்மை ஏமாத்துது.

ஆகவே ஷோ ஐஎஸ்ஐஎஸ் நெய்பர்ஸ் போட்டால் "அப்" என்பதோடு நிறுத்தாதீங்க. பக்கத்தில் வகை எல்1-ஆ, எல்2-ஆ, ரெண்டுமா என்று பாருங்க. திட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு உறவும் அங்கே இருக்கா என்று எண்ணிப் பாருங்க, கீழே இருக்கும் சின்ன ரவுட்டரிலும் சேர்த்து.

சந்தேகம் இருந்தா இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த வாரம் பேசலாம்!