சண்டைக்கு முன்னும் பின்னும்: பள்ளிப் பாதுகாப்பு என்னும் முழுநேர வேலை

2020 ஜூன் 24 அன்று, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் பள்ளி நிர்வாகக் குழு ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டது. பள்ளிகளுக்கென்றே தனியாக வைத்திருந்த போலீஸ் துறையைக் கலைத்துவிடுவது என்பதே அது. மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. தீர்மானத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள். அதனால் இது அந்த நேரத்துக் கொந்தளிப்பில் எடுத்த முடிவு என்று வெளியே பலர் நினைத்தார்கள். உண்மையில் அதற்கு ஒன்பது ஆண்டு வரலாறு உண்டு. 2011 ஜனவரியில் ஒரு பள்ளி நடன நிகழ்ச்சிக்கு வெளியே 20 வயது கறுப்பின இளைஞர் ஒருவரைப் பள்ளிப் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றார். அதற்குப் பின் 'பிளாக் ஆர்கனைசிங் புராஜெக்ட்' என்ற அமைப்பில் திரண்ட பெற்றோரும் மாணவர்களும் இந்தக் கோரிக்கையை விடாமல் எழுப்பி வந்தார்கள். அப்போது ஓக்லாந்து மாணவர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான். ஆனால் பள்ளிப் போலீஸ் கைது செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களே.

போலீஸ் துறை போனது. அந்தத் துறைக்குக் கீழே வேலை பார்த்த, ஆயுதம் ஏந்தாத பாதுகாப்பு ஊழியர்கள் போகவில்லை. வாசலிலும் நடைபாதையிலும் நின்றுகொண்டிருந்த அவர்களுக்குக் 'கல்ச்சர் கீப்பர்' என்று புதுப் பதவிப் பெயர் கிடைத்தது. பயிற்சியும் வேலையும் அதோடு சேர்ந்து மாறின. சண்டை வெடிக்கும் முன் சூட்டைத் தணிப்பது, வெடித்துவிட்டால் பிறகு உடைந்ததைச் சரிசெய்ய உதவுவது: இவை இரண்டும்தான் அவர்களுடைய புது வேலை. 'கனிவாக நடந்துகொள்வது' என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள் பலர். அப்படிச் சுருக்குவது அந்த ஊழியர்களுக்குச் செய்யும் அநியாயம். கற்றுத் தேற வேண்டிய, உடலையும் மனதையும் களைக்கச் செய்யும் தொழில் அது.

அமெரிக்கப் பள்ளிகளுக்குள் போலீஸ் இந்த அளவுக்கு வந்தது எப்படி? பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டுக்கு நீக்க வேண்டும் என்று 1994இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. துப்பாக்கிக்கு என்று வந்த கண்டிப்பு, பல ஊர்களில் கைகலப்புக்கும் எதிர்த்துப் பேசுவதற்கும் பரவியது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தபின், பள்ளிகளில் போலீஸை நியமிக்க அரசுப் பணம் தாராளமாக வந்தது. கொலைகாரனைத் தடுக்க வந்த அதிகாரிக்கு அன்றாடம் முன்னே வந்து நின்றதோ, பாடவேளையில் போனை எடுத்த பிள்ளைதான்.

2015 அக்டோபரில் தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரப் பள்ளி ஒன்றில் நடந்ததை உலகமே வீடியோவில் பார்த்தது. போன் விவகாரத்தில் தொடங்கியது. வகுப்பை விட்டு வெளியே போகச் சொன்னார் ஆசிரியர், மாணவி எழவில்லை. நிர்வாகி ஒருவர் வந்து சொன்னார், அப்போதும் எழவில்லை. மூன்றாவதாக வந்த போலீஸ் அதிகாரி மேசையோடு சேர்த்து அவரைச் சாய்த்து, தரையில் இழுத்து எறிந்தார். அதைக் கண்டு குரல் எழுப்பிய இன்னொரு மாணவியும் கைதானார். அதிகாரி வேலையிழந்தார். 'பள்ளிக்கு இடையூறு' என்ற குற்றச்சாட்டில் அந்தந்தப் பள்ளி மாணவர்களையே கைது செய்ய இடம்கொடுத்த மாநிலச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது.

அந்த வகுப்பறையில் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால், தணிக்கும் வேலை என்னவென்று புரியும். ஒவ்வொருவராக வந்த பெரியவர்கள் அனைவரும் ஒரே கட்டளையைத்தான் திரும்பச் சொன்னார்கள், ஒவ்வொரு முறையும் அதிகாரத்தைக் கூட்டிக்கொண்டு. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் பதின்ம வயதுப் பிள்ளையால் இறங்கி வர முடியாது. இறங்கினால் மானம் போய்விடும். தணிக்கத் தெரிந்தவர் முதலில் அந்தக் கூட்டத்தை விலக்குவார். பிள்ளையை நகர்த்த முடியாவிட்டால் மற்றவர்களை நூலகத்துக்கு அனுப்புவார். எதிரே நெஞ்சை நிமிர்த்தி நிற்காமல் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில், முடிந்தால் உட்கார்ந்து பேசுவார். குரலைத் தாழ்த்துவார், சொற்களைக் குறைப்பார். கொதித்துக்கொண்டிருப்பவர் காதில் நீண்ட வாக்கியம் ஏறாது. 'இப்போதே எழுந்து போ' என்பதற்குப் பதில், 'இங்கேயே பேசலாமா, வெளியே நடந்துகொண்டே பேசலாமா?' என்று இரண்டு வழி வைப்பார். எதைத் தேர்ந்தாலும் அது பிள்ளை தானே எடுத்த முடிவு. பிறகு காத்திருப்பார். இதில் காத்திருப்பதுதான் மிகக் கடினம், ஏனென்றால் சுற்றி நிற்கும் மற்ற பெரியவர்களின் கண்ணுக்கு அது ஒன்றும் செய்யாமல் நிற்பதாகத் தெரியும்.

ஜெஃப் கோல்வின், ஜார்ஜ் சுகாய் என்ற கல்வியாளர்கள் 1989இல் ஒரு பிள்ளையின் கொந்தளிப்பை ஏழு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். அமைதியில் தொடங்கி, தூண்டுதல், பதற்றம், வேகமெடுத்தல், உச்சம், தணிதல், மீட்சி என்று அது போகிறது. இன்றும் ஆசிரியர் பயிற்சிகளில் இதைச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டு இடங்கள். ஒன்று பதற்றக் கட்டம். கால் ஆட்டுவது, பையைப் படாரென்று போடுவது, வழக்கமாகப் பேசுகிறவன் வாய் திறக்காமல் இருப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இங்கே ஒரு சின்னத் தலையீடு போதும். ஆனால் அந்தப் பிள்ளை சாதாரண நாளில் எப்படி இருப்பான் என்று தெரிந்தவருக்குத்தான் இது கண்ணில் படும். காலையில் வாசலில் நின்று பேர் சொல்லி வரவேற்கும் ஊழியரால் முடிகிற இந்த வேலை, கூப்பிட்டால் மட்டும் வருகிற அதிகாரியால் முடியாது. மற்றது தணிதல் கட்டம். பிள்ளை அடங்கிவிட்டான் என்று நினைத்து, 'சரி, இப்போது மன்னிப்புக் கேள்' என்று உடனே அழுத்துவோம். உடம்பில் ஏறிய படபடப்பு இறங்க நேரம் பிடிக்கும்; மனம் இன்னும் குழம்பிக் கிடக்கும். அந்த நேரத்தில் கேட்கிற மன்னிப்பு இரண்டாவது சண்டையைக் கிளப்பிவிடும். நம் பள்ளிகளில் தலைமையாசிரியர் அறைக்குள் நடக்கும் பல காட்சிகள் இந்தத் தவறில் பிறப்பவைதான்.

அடங்கிய பிறகு என்ன செய்வது? இங்கேதான் மறுசீரமைப்பு நீதி வருகிறது. எந்த விதி மீறப்பட்டது, அதற்கு என்ன தண்டனை என்று கேட்பதற்கு முன், யாருக்குப் பாதிப்பு, அவருக்கு என்ன வேண்டும், அதைச் சரிக்கட்ட வேண்டியவர் யார் என்று கேட்கும் முறை இது. 1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். அவர்களைக் கண்காணித்த நன்னடத்தை அலுவலரின் யோசனையை நீதிபதி ஏற்றதால், பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே அந்த இருவரும் போய் நின்றார்கள், நஷ்டத்தையும் ஈடுகட்டினார்கள். நியூசிலாந்து, மாவோரி மக்களின் குடும்பக் கூடுகை மரபிலிருந்து எடுத்து, 1989இல் சிறார் சட்டத்திலேயே இந்த அணுகுமுறைக்கு இடம் கொடுத்தது. 1994இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி இதைக் கையில் எடுத்தது. ஓக்லாந்துக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சிவில் உரிமை வழக்கறிஞர் ஃபானியா டேவிஸ். 2005இல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவதுதான் இதில் வெளியே தெரிகிறது. வேலையின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்கும். நடத்துபவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அடித்தவன், தான் செய்ததை ஒத்துக்கொள்கிறானா? அடிவாங்கியவன் எதிரே உட்கார உண்மையிலேயே சம்மதிக்கிறானா, இல்லை ஆசிரியர் சொன்னதற்காகத் தலையாட்டுகிறானா? இந்த இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் வட்டம் கூடக் கூடாது. கூடினால் கேட்கப்படும் கேள்விகள் எளியவை. என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தாய்? யாரையெல்லாம் இது பாதித்தது? சரிசெய்ய என்ன வேண்டும்? முடிவில் ஓர் எழுத்துபூர்வ உடன்பாடு உருவாகும். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து அது நடந்ததா என்று போய்ப் பார்ப்பவர் இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

இது பலன் தருகிறதா என்ற கேள்விக்குச் சுலபமான பதிலை விற்பவர்களை நம்ப வேண்டாம். மேற்கு ஓக்லாந்தின் கோல் நடுநிலைப் பள்ளியில் நடந்ததை பெர்க்லி சட்டக் கல்லூரி ஆராய்ந்து 2010இல் வெளியிட்டது. 100 மாணவர்களுக்கு 50 ஆக இருந்த சஸ்பென்ஷன், 6 ஆகக் குறைந்திருந்தது. மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் அது ஒரே ஒரு சிறிய பள்ளி. அதோடு, சஸ்பெண்ட் செய்ய வேண்டாம் என்று மேலிடம் சொன்னாலே அந்த எண் குறைந்துவிடும். பள்ளி பாதுகாப்பானதா என்பதை அது மட்டும் சொல்லாது.

அதனால்தான் பிட்ஸ்பர்க்கில் ரேண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு முக்கியமாகிறது. 44 பள்ளிகளில் 22ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்து, 2015 முதல் இரண்டு கல்வியாண்டுகள் இந்த முறையை நடத்திப் பார்த்தார்கள். சஸ்பென்ஷனால் இழந்த நாட்கள் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் கைதுகள் குறையவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களின் மதிப்பெண் சரிந்தது. மெய்ன் மாநிலத்தில் 13 நடுநிலைப் பள்ளிகளில் நடந்த இதே மாதிரி ஆய்வு இன்னும் உறைக்கிறது. பயிற்சி பெற்ற பள்ளிகளுக்கும் பெறாதவற்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால், தன் ஆசிரியர் இந்த முறைகளை உண்மையிலேயே கையாள்கிறார் என்று சொன்ன மாணவர்களிடம் பள்ளியோடு ஒட்டுதல் அதிகம் இருந்தது. ஷிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த முறை வந்த அந்நகரப் பள்ளிகளில் சஸ்பென்ஷனும் மாணவர் கைதும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பள்ளிக்கு வெளியே நடந்த கைதுகளும் இதில் அடக்கம், மதிப்பெண்ணும் சரியவில்லை. இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆசிரியர்களை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு, ஏற்கெனவே இருக்கும் சுமைக்கு மேல் இதையும் ஏற்றினால் பாடம் நடத்தும் நேரம்தான் தேயும். இதற்கென்று ஆள் வேண்டும்.

துப்பாக்கியோடு வெளியிலிருந்து நுழைபவரை இந்த வேலை நிறுத்தாது. 2022 செப்டம்பர் 28 அன்று கிழக்கு ஓக்லாந்தில் ஒரு பள்ளி வளாகத்துக்குள் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஆறு பெரியவர்கள் காயமடைந்தார்கள். ஒருவர் பின்னர் இறந்தார். போலீஸைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்ற குரல் எழுந்தது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு நெஞ்சு பதைத்திருக்கும் பெற்றோரிடமிருந்து அந்தக் குரல் வருவது இயல்பு. அதே ஆண்டு மே மாதம் டெக்சாஸின் உவால்டியில் 376 போலீஸார் வந்து குவிந்தும், 77 நிமிடம் கழித்தே வகுப்பறைக்குள் நுழைந்தார்கள் என்பதையும் அப்போது நினைவில் வைக்க வேண்டும். 19 குழந்தைகளும் இரு ஆசிரியைகளும் உயிரிழந்தார்கள். ஓக்லாந்திலும் உயிருக்கு ஆபத்து என்றால் நகரப் போலீஸைத்தான் கூப்பிடுகிறார்கள். மாறியிருப்பது, எதற்குக் கூப்பிடுவது என்பதே.

இன்னொரு எல்லை நமக்கு மிக அருகில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கு வராமல் இருந்த பட்டியலினச் சமூக மாணவர் ஒருவர், காரணம் கேட்டபோது, உடன் படித்தவர்கள் தன்னைத் துன்புறுத்தியதைச் சொன்னார். அதன் பின் இரவில் துன்புறுத்தியவர்கள் அவர் வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டார். இப்படிப்பட்ட இடத்தில் 'இருவரையும் உட்கார வைத்துப் பேசிச் சமாதானம் செய்கிறோம்' என்பது கொடுமை. ஒருவருக்குப் பின்னால் ஊரே நிற்கும்போது நாற்காலிகளை வட்டமாகப் போடுவதால் இருவரும் சமமாகிவிட மாட்டார்கள். பாலியல் துன்புறுத்தலுக்கும் இது பொருந்தும். அங்கே சட்டப்படி புகார்தான் முதல் படி. ஆனால் பிள்ளை வாய் திறந்து சொன்ன நொடிக்கும் அன்று இரவுக்கும் நடுவே, அவரை யார் காப்பது என்று திட்டமிட வேண்டிய பொறுப்பு பள்ளிப் பாதுகாப்பு வேலையின் மையம். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தைப் பரிந்துரைத்தது. அந்தப் பணியிடம் கோப்பில் சேரும் இன்னொரு கையெழுத்தாக ஆகிவிடாமல், வாசலில் நிற்கிற, பேர் தெரிந்த, பயிற்சி பெற்ற ஒருவராக அமைய வேண்டும்.

அதற்குச் சம்பளம் வேண்டும். ஓக்லாந்திலேயே, ஆசிரியர் வேலைநிறுத்தம் முடிந்த கையோடு 2019 மார்ச்சில் நிர்வாகக் குழு 2 கோடி டாலருக்கும் மேல் செலவைக் குறைத்தபோது, மறுசீரமைப்பு நீதித் திட்டமும் வெட்டப்பட்ட பட்டியலில் இருந்தது. மாணவர்களே கூட்டத்துக்கு வந்து எதிர்த்துப் பேசினார்கள். பணம் இறுகும்போது முதலில் போகிற வேலை இது. நடக்காமல் போன சண்டைக்குக் கணக்கு எழுத எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. ஆகவே, 'எங்கள் பள்ளியில் இதெல்லாம் செய்கிறோம்' என்று யார் சொன்னாலும் பெற்றோர் கேட்க வேண்டியது: இதை முழுநேர வேலையாகப் பார்ப்பவர் யார், அவர் விடுப்பில் போனால் அந்த இடத்தில் யார், போன மாதம் எழுதிய உடன்பாடுகளைத் திரும்பப் போய்ப் பார்த்தது யார், புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை வீட்டுக்கு யாரோடு போனது.