வேகமா, இடமா? பழைய மடிக்கணினிக்கு ஒரு புது டிஸ்க்

பால்மரம் வெட்டியவர்களிடம் ஹார்ட் டிஸ்கைப் பற்றிப் பேசுவது எளிது. ஒரு மரத்தில் கத்தியை இழுக்கும் நேரம் கொஞ்சம்தான். மரத்துக்கு மரம் நடக்கும் நேரம்தான் காலைப் பொழுதை விழுங்கும். பழைய மடிக்கணினிக்குள் சுழலும் டிஸ்கும் அப்படித்தான் உழைக்கிறது. நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டில், வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும். அதாவது 5.6 மில்லி விநாடி. முனை சரியான தடத்துக்கு நகர்வதற்கு இன்னும் 12 மில்லி விநாடி அளவுக்குப் பிடிக்கும். கூட்டிப் பார்த்தால், தட்டில் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளில் ஒரு விநாடிக்கு அறுபதைக்கூட எடுக்க முடியாது. விண்டோஸ் எழுந்து நிற்கும்போது கேட்பதோ இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகள். கணினியைத் திறந்துவிட்டு நாம் தேநீர் கலக்கப் போவது இந்த நடையால்தான். ஹார்ட் டிஸ்குக்கு மாற்றாக வரும் எஸ்எஸ்டியில் அசையும் பாகமே கிடையாது. அதே துண்டுகளை விநாடிக்குப் பல்லாயிரக்கணக்கில் எடுத்துத் தரும்.

சிரம்பானை அடுத்த செண்டாயானில் இந்த ஒப்புமை புரியாத மூத்தவர்கள் குறைவு. ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயானின் வீட்டு வரிசைகளும் தொழில் பூங்காவும் நிற்கின்றன. சுங்கை பீசியிலிருந்து இடம்பெயர்ந்த விமானப்படைத் தளமும் வந்துவிட்டது. லயத்தில் பிறந்த தாத்தாவும் தாமானில் வளரும் பேரனும் ஒரே மடிக்கணினியைப் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, பாடம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவசரமாக வாங்கிய கணினிகள் இப்போது இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. சிரம்பானில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால் கேள்வி இப்படித்தான் வரும்: “அண்ணே, 1 டிபி ஹார்ட் டிஸ்க் போடவா, இல்லை சின்ன எஸ்எஸ்டி போடவா?” அப்பாவின் கண் பெரிய எண்ணுக்குத்தான் போகும். அதே காசுக்கு அதிக இடம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

என் பதில் ஒன்றுதான். கணினிக்குள் எஸ்எஸ்டி. இடம் வேண்டுமென்றால் அதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவழியாக, 7200 சுற்று ஓடும் ஹார்ட் டிஸ்கைச் சிலர் சொல்வார்கள். அதில் அரைச் சுற்றுக்கான காத்திருப்பு 4.2 மில்லி விநாடியாகக் குறையும். மிச்சமாவது ஒன்றரை மில்லி விநாடிகூட இல்லை. நடை அப்படியே இருக்கும். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

சந்தையும் எப்போதோ இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் பல காலம் ஹார்ட் டிஸ்க் செய்துவந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலையை 2019 முடிவுக்குள் மூடப்போவதாக அந்நிறுவனம் 2018 ஜூலையில் அறிவித்தது. ஹார்ட் டிஸ்குக்கான தேவை தொடர்ந்து சரிவதே அது சொன்ன காரணம். எஸ்எஸ்டி வேலை பினாங்கில் பெருகியது. ஆலையை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்பதை, தோட்டம் துண்டாடப்பட்டதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வாங்கும் முன் கணினிக்குள் என்ன பொருந்தும் என்று பாருங்கள். பழைய வகையில் இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். அதே அளவு எஸ்எஸ்டி அந்த இடத்தில் அப்படியே உட்காரும். வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 550 எம்பி. சற்றுப் புதிய கணினிகளில் சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்.2 வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். 3500 எம்பி வேகம் என்று என்விஎம்இ பெட்டியில் போட்டிருக்கும். பெரிய வீடியோக்களை வெட்டி ஒட்டுபவருக்கு அது உதவும். பள்ளிப் பாடமும் வங்கிக் கணக்கும் பார்ப்பவர் சாட்டாவுக்கு மாறியதுமே பெரிய தாவலைத் தாவிவிடுகிறார். மிச்ச வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

எவ்வளவு இடம் போதும்? 256 ஜிபி என்று விற்பது விண்டோஸில் 238 என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். எழுத்து இடத்தைப் பிடிப்பதே இல்லை. யுனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறி பொதுவாக 3 பைட். 300 பக்கப் புத்தகம் முழுவதும் ஒரே ஒரு கைப்பேசிப் படத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். பத்தாயிரம் படங்கள் என்றால் 40 ஜிபி அளவில் வரும். வீடியோதான் பசிக்காரன்: ஒரு மணி நேரத்துக்கு 4 முதல் 8 ஜிபி கேட்பான். படிக்கும் பிள்ளைக்கு 256 ஓடும், 500 நிம்மதி.

எழுதி எழுதி எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. சாம்சுங் 870 ஈவோ 500 ஜிபி வகைக்கு உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 300 டெராபைட் எழுதும் வரை, எது முந்துகிறதோ அது. நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த 300 டெராபைட்டைத் தொட நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். உண்மையான கவலை வேறு. எஸ்எஸ்டியில் அழித்த கோப்பை மீட்பது மிகக் கடினம். மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் பெட்டியில் கிடந்தால் அதில் உள்ளது மெல்ல மங்கவும் கூடும். எழுதித் தேய்ந்ததாக இருந்தால் ஓராண்டுக்கு மேல் அதை நம்ப முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இடித்துத் தள்ளிய லயங்கள், இடம் மாறிய மாரியம்மன் கோயில், தீமிதி, பாட்டி பால்வாளியோடு நிற்கும் ஒற்றைப் படம் எல்லாம் இன்று பல வீடுகளில் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கில் மட்டுமே இருக்கின்றன. தோட்டமே இல்லாத இடத்தில் அந்தப் படத்தை மறுபடி எடுக்க முடியாது. ஆகவே கழற்றிய டிஸ்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதற்கென்று யுஎஸ்பி உறை விற்கிறது, விலையும் குறைவு. அதில் மாட்டினால் தேடிய இடம் வெளியே கிடைத்துவிடும், அதுவும் புதிதாக வாங்காமலே.

ஆனால் வயதான டிஸ்க் அது. படங்களுக்கு இன்னொரு பிரதி வேறொரு டிஸ்கில், முடிந்தால் வேறொரு வீட்டில், அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ இருக்கட்டும். கணினியைக் கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முதல் நாளே இதைச் செய்யுங்கள். பிரதி எடுத்ததும் நாலைந்து படங்களை அங்கிருந்தே திறந்து பாருங்கள், பாட்டியின் படத்தையும் சேர்த்து.